கோழி இட்டது முட்டை. பழி மட்டும் மருமகளுக்கா?



உங்கள் வீட்டுக் கோழி ஒருநாள் ஓடே இல்லாமல் ஒரு முட்டை இட்டுவிட்டுப் போகிறது. தொட்டால் கொழகொழவென்று, தண்ணீர் ஊற்றிக் கட்டிய பலூன் மாதிரி இருக்கிறது. அப்போது நீங்கள் யாரைப் பார்ப்பீர்கள்? கோழியையா? அதற்குப் போட்ட தீனியையா? அல்லது வீட்டில் யார் மேல் குற்றம் சுமத்தலாம் என்று அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்ப்பீர்களா?

இப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பீடோர் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டிருக்கிறார், போடவில்லை. வீட்டுக்குப் பின்னால் 9 கோழிகள் வளர்க்கிறார். மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வீட்டுக்கு வந்து 3 மாதம் ஆகிறது. இந்த 3 மாதத்தில் ஒரு கோழி 4 தடவை தோல் முட்டை இட்டதாம். இன்னொரு கோழி புறா முட்டை அளவில் ஒன்று இட்டதாம். உடைத்துப் பார்த்தால் உள்ளே மஞ்சள் கருவே இல்லையாம். குறி சொல்கிறவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, “இது ஏவல். வந்தவளோடு சேர்ந்து வந்தது. எடுக்க 350 வெள்ளி ஆகும்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். “மகன் என்னோடு சண்டை போடுகிறான். மருமகள் அழுதுகொண்டே இருக்கிறாள். பணத்தைக் கொடுக்கலாமா வாத்தியாரே?” என்று கடிதம் முடிகிறது.

கொடுக்காதீர்கள் அம்மா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏன் என்பதை இப்போது பார்ப்போம்.

லயத்துப் பெண்களுக்குக் கோழிதான் சேமிப்புப் பெட்டி என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆண்பிள்ளையின் சம்பளம் கடைக் கணக்குக்குப் போனாலும், முட்டை விற்ற காசு அம்மாவின் முந்தானையில் இருக்கும். பிள்ளையின் பள்ளிச் சப்பாத்து அதில்தான் வரும். அந்த 350 வெள்ளியைச் சேர்க்க எத்தனை முட்டை விற்றிருக்க வேண்டும் என்று அந்தக் குறிகாரர் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்.

சரி, முட்டை எப்படி உண்டாகிறது? ரப்பர் காலத்தில் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மரத்தில் வெட்டிய பால் அப்படியே ஷீட்டாகிவிடுவதில்லை. வாளியில் வந்த பாலை ஸ்டோரில் அளப்பார்கள். தொட்டியில் ஊற்றி, மருந்து விட்டு உறைய வைப்பார்கள். உறைந்ததை ரோலரில் கொடுத்துத் தட்டையாக்குவார்கள். கடைசியில் புகை போடும் கொட்டகையில் தொங்கவிடுவார்கள். செம்பனை வந்த பிறகு பிறந்த பிள்ளைகள் இதையெல்லாம் தாத்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். இதில் ஒரு வேலையை அவசரப்பட்டுத் தாண்டினாலும் ஷீட் கெட்டுவிடும். கெட்ட ஷீட்டைப் பார்த்தே, எந்த இடத்தில் தவறு நடந்தது என்று பழைய ஸ்டோர்க்காரர் சொல்லிவிடுவார்.

கோழியின் வயிற்றுக்குள்ளும் இப்படி ஒரு ஸ்டோர் நடக்கிறது. முதலில் சினைப்பையிலிருந்து மஞ்சள் கரு கழன்று, நீளமான ஒரு குழாய்க்குள் விழுகிறது. அந்தக் குழாயில் அது ஊர்ந்து போகும்போது சுமார் 3 மணி நேரம் அதன் மேல் வெள்ளைக் கரு படிகிறது. அடுத்து ஒன்றேகால் மணி நேரம் போல இரண்டு மெல்லிய தோல்கள் சுற்றிக்கொள்கின்றன. அவித்த முட்டையை உரிக்கும்போது ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வருகிறதே, அந்தத் தோல்தான். அதன் பிறகு கடைசி அறையில் ஏறத்தாழ 20 மணி நேரம் தங்கி ஓடு கட்டுகிறது. ஆக, ஒரு முட்டைக்கு ஒரு நாளும் அதற்கு மேல் ஒன்றிரண்டு மணி நேரமும் பிடிக்கிறது. அதனால்தான் இன்று காலை 8 மணிக்கு முட்டையிட்ட கோழி நாளைக்கு 9, 10 மணிக்கு இடுகிறது. மறுநாள் இன்னும் தாமதம். பிறகு ஒருநாள் லீவு போட்டுவிடுகிறது. கோழி வளர்க்கும் தாய்மார்கள் யாரும் இதைக் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

ஓடு என்பது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துதான். நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் அதுவே. ஒரு முட்டை ஓட்டுக்கு மட்டும் கோழி சுமார் 2 கிராம் கால்சியம் எடுத்துக் கொடுக்கிறது. தீனியில் அது போதாவிட்டால் தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். (பிள்ளைத்தாய்ச்சிகளின் உடம்பிலும் இதே கதைதான். மருமகளுக்குப் பாலும் நெத்திலியும் கீரையும் கொடுக்கிறீர்களா என்று கோழியோடு சேர்த்து ஒரு வார்த்தை கேட்டு வைக்கிறேன்.) எலும்பிலிருந்தும் எடுக்க முடியாத நிலை வந்தால், அல்லது ஏதோ ஒரு காரணத்தால் கடைசி அறையில் தங்க வேண்டிய நேரம் தங்காமல் முட்டை வெளியே வந்துவிட்டால், அதுதான் தோல் முட்டை. வேலை முடியாத முட்டை. அவ்வளவுதான்.

வேலை ஏன் முடியாமல் போகிறது? முதன்முதலில் முட்டையிடத் தொடங்கும் பெட்டைக்கு ஸ்டோர் இன்னும் சரியாக ஓடத் தொடங்கியிருக்காது. முதல் சில வாரங்களில் தோல் முட்டை, குட்டி முட்டை, இரட்டைக் கரு எல்லாம் வரும். வயதான கோழிக்கு ஓடு மெலியும். இரவில் நாய் துரத்தினாலும், கூட்டுக்குள் பாம்பு நுழைந்தாலும், தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் பக்கத்தில் வெடி வெடித்தாலும், கோழி பயந்து முட்டையை முன்கூட்டியே தள்ளிவிடும்.

வெயிலும் ஒரு காரணம். நண்பகலில் கோழி வாயைத் திறந்துகொண்டு இளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி இளைக்கும்போது அது வெளியே விடும் கரியமிலக் காற்று அதிகமாகிவிடுகிறது. ஓடு கட்டுவதற்கு வேண்டிய பொருளில் ஒரு பாதி இரத்தத்தில் கரைந்திருக்கும் அந்தக் காற்றிலிருந்துதான் வருகிறது. அது குறைந்தால், எவ்வளவு சத்துள்ள தீனி போட்டாலும் ஓடு மெல்லியதாகத்தான் இருக்கும்.

இப்போது கடிதம் எழுதிய தாயாரிடம் சில கேள்விகள். 4 தடவையும் ஒரே கோழிதான் இட்டது என்கிறீர்கள். அதற்கு வயது என்ன? கோழிக்கு என்ன போடுகிறீர்கள்? மிச்சச் சோறும் தேங்காய்த் துருவலும் மட்டும்தானா? கூட்டுக்கு மேலே நிழல் இருக்கிறதா? மகன் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டு, பாட்டுப் பெட்டி வைத்து, சொந்தபந்தம் வந்து தங்கி, கோழிக்கூட்டை இடம் மாற்றி வைத்தீர்களா? இதில் எதற்காவது “ஆமாம்” என்று பதில் வந்தால் ஏவல் கிடைத்துவிட்டது! அதை எடுப்பதற்கு 350 வெள்ளி வேண்டாம்.

சமைத்த பின் முட்டை ஓடுகளை எறியாதீர்கள். கழுவிக் காய வைத்து, வாணலியில் நன்றாக வறுத்து, உரலில் போட்டு இடித்து, தீனியோடு கலந்து வையுங்கள். முட்டை ஓடு என்று அடையாளம் தெரியாத அளவுக்கு இடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கோழி தன் முட்டையையே கொத்தித் தின்னப் பழகிவிடும். கெராங் சமைத்தால் அதன் சிப்பி இன்னும் நல்லது. கடுகை விடச் சற்றுப் பெரிய துண்டுகளாக உடைத்து, சாயங்காலத்தில் வையுங்கள். ஏன் சாயங்காலம்? ஓடு கட்டும் வேலை பெரும்பாலும் இரவில் நடக்கிறது. அப்போது கோழி தூங்குகிறது, தின்பதில்லை. சாயங்காலம் விழுங்கிய சிப்பித் துண்டு இரவெல்லாம் மெல்லக் கரைந்து கைகொடுக்கும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கரைத்து வைக்கிறார்கள் சிலர். வேண்டாம், அது வாயையும் குடலையும் பொத்துவிடும். நிழலில் நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் மாற்றி வையுங்கள். இத்தனையும் செய்து ஒரு மாதம் பாருங்கள்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களை விட்டு ஒரு வேடிக்கை காட்டச் சொல்லுங்கள். கடையில் சூக்கா என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தக் காடியில் ஒரு நல்ல முட்டையை முழுகப் போட்டு இரண்டு நாள் வைக்க வேண்டும். நுரை நுரையாகக் கிளம்பி ஓடு முழுவதும் கரைந்து, தோல் முட்டை ஒன்று கையில் வரும். எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் செய்தார்கள். ஏவலும் இல்லை, தகடும் இல்லை; ஒரு போத்தல் காடி போதும்.

காடியைச் சொன்னதும் ஒரு பழைய மோசடி நினைவுக்கு வருகிறது. 1806-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் மேரி பேட்மன் என்ற ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டுக் கோழி இட்ட முட்டையில் “கிறிஸ்து வருகிறார்” என்று எழுத்து இருந்ததாம். உலகமே முடியப் போகிறது என்று ஊர் கிடுகிடுத்தது. ஜனங்கள் காசு கொடுத்து அந்தக் கோழியைப் பார்க்கப் போனார்கள். கடைசியில் குட்டு வெளிப்பட்டது. ஓட்டை அரிக்கும் மையால் முட்டையில் எழுதி, அதை அந்த வாயில்லாத பிராணியின் உடம்புக்குள்ளேயே திரும்பச் செருகி வைத்திருந்தாள் பாவி!

அவள் அதோடு நிற்கவில்லை. ரெபேக்கா பெரிகோ என்ற பெண்ணுக்கு யாரோ சூனியம் வைத்துவிட்டதாகச் சொல்லி, அதை எடுக்கிறேன் என்று மாதக்கணக்கில் அந்தக் குடும்பத்திடம் பணமும் பொருளும் கறந்தாள். கறக்க இனி ஒன்றும் இல்லை என்ற நிலை வந்தபோது பலகாரத்தில் விஷம் வைத்துக் கொன்றாள். 1809-ஆம் ஆண்டில் யார்க் நகரத்தில் அவளைத் தூக்கில் போட்டார்கள். நம் பக்கத்திலும் முட்டையில் பெயர் எழுதி வாசலில் புதைப்பது, நாற்சந்தியில் உடைப்பது எல்லாம் உண்டு. வாசலில் அப்படி ஒரு முட்டை கிடந்தால், அதை எழுதியது பேனா பிடித்த ஒரு மனிதக் கை என்பதை மறக்க வேண்டாம். கோழிக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அடுத்தது அந்தக் குட்டி முட்டை. மஞ்சள் கருவுக்குப் பதிலாகச் சதைத் துணுக்கோ இரத்தக் கட்டியோ அந்தக் குழாய்க்குள் விழுந்துவிட்டால், குழாய்க்கு வித்தியாசம் தெரியாது. வந்தது கருதான் என்று நினைத்து, வெள்ளைக் கரு சுற்றி, தோல் சுற்றி, ஓடும் கட்டி அனுப்பிவிடும். உள்ளே சரக்கு இல்லாததால் முட்டை சிறியதாக இருக்கும். ஒன்றிரண்டு வந்து நின்றுவிடும்.

இந்தச் சின்ன முட்டைக்காக வெள்ளைக்காரர்கள் பட்ட பாட்டைக் கேட்டால் நம்மவர்களே பரவாயில்லை என்று தோன்றும். இது சேவல் இட்ட முட்டை என்றும், இதிலிருந்து பார்வையாலேயே கொல்லும் ஒரு கொடிய பாம்பு பிறக்கும் என்றும் ஐரோப்பாவில் பல நூறு ஆண்டுகள் நம்பினார்கள். 1474-ஆம் ஆண்டில், இன்றைய சுவிட்சர்லாந்தில் இருக்கும் பாசல் நகரத்தில், முட்டையிட்ட குற்றத்துக்காக ஒரு சேவலை விசாரணை செய்து, தீர்ப்பும் வழங்கி, முட்டையோடு சேர்த்து ஊரறிய எரித்தார்கள். அது சேவலே அல்ல, பெட்டையாக இருந்திருக்கலாம் என்பது இன்றைய அறிவு. கோழிக்கு இடது பக்கச் சினைப்பை ஒன்றுதான் வேலை செய்யும். நோயினால் அது கெட்டுப்போனால் சில கோழிகளுக்குக் கொண்டை பெருத்து, சேவலின் இறகு முளைத்து, குரலும் மாறிவிடும். பெட்டைக் கோழி கூவினால் வீட்டுக்கு ஆகாது என்று நம் வீடுகளில் உடனே கழுத்தைத் திருகுகிறார்களே, அந்தக் கூவலுக்கும் காரணம் பெரும்பாலும் இதுதான். அறுத்துச் சாப்பிடுவதென்றால் சாப்பிடுங்கள். முட்டை இனி வராது. ஆனால் பயந்து அறுக்க வேண்டாம்.

மஞ்சள் கரு பச்சையாக இருந்தால்? நம் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. ஆனால் 2020-ஆம் ஆண்டு மே மாதம் கேரளாவில் மலப்புரம் மாவட்டத்து ஒதுக்குங்கல் என்ற ஊரில், ஒரு வீட்டுக் கோழிகள் இட்ட முட்டைகளில் கரு பச்சைப் பசேல் என்று இருந்தது. படம் ஊர் ஊராகப் பரவி, உலகப் பத்திரிகைகளில்கூட வந்துவிட்டது. அங்கே அதிசயம் என்று உண்டியல் வைக்காமல், கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வந்து பார்த்தார்கள். தாங்கள் கொடுக்கும் தீனியை மட்டும் போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். சில வாரங்களில் பச்சை போய் மஞ்சள் வந்துவிட்டது! கோழி தின்ற ஏதோ ஒன்றின் சாயம்தான் கருவில் இறங்கியிருந்தது. நம் வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். மரவள்ளிக் கிழங்கும் சோறும் மட்டும் தின்னும் கோழியின் கரு வெளிறி இருக்கும். கீரையும் புல்லும் சோளமும் தின்னும் கோழியின் கரு செக்கச் செவேல் என்று இருக்கும். அவித்த முட்டையில் கருவைச் சுற்றிக் கரும்பச்சை வளையம் தெரிந்தால் அது கோழியின் வேலை அல்ல. அதிக நேரம் அவித்துவிட்டீர்கள். சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது.

நீல ஓடு போட்ட முட்டையை டவுனில் ஒருவர் காட்டி, “வாத்து கலந்திருக்குமா சார்?” என்றார். கலக்காது. நீல முட்டை இடும் கோழி இனம் தென் அமெரிக்காவில் சிலி நாட்டிலும் உண்டு, சீனாவிலும் உண்டு. கலப்பில் அந்த இரத்தம் இங்கேயும் வந்திருக்கலாம். விலை கூட என்று சொல்லி விற்றால் வாங்காதீர்கள்; உள்ளே சத்து ஒன்றுதான்.

இலங்கையில் 2012-ஆம் ஆண்டு நடந்ததுதான் எல்லாவற்றையும் விட விநோதம். ஊவா மாகாணத்தில் வெலிமடை என்ற இடத்தில் ஒரு கோழி முட்டையிடாமல் குஞ்சையே ஈன்றுவிட்டது! குஞ்சு உயிரோடு இருந்தது, தாய்க்கோழி செத்துவிட்டது. கலியுகம் முற்றிவிட்டது என்று யாராவது உட்கார்ந்துவிட்டிருந்தால் விஷயம் தெரியாமலே போயிருக்கும். அரசாங்கக் கால்நடை வைத்தியர் அந்தக் கோழியை அறுத்துப் பார்த்தார். வெளியே வர வேண்டிய முட்டை வராமல் கோழியின் உடம்புக்குள்ளேயே 21 நாள் அடைபட்டு, அங்கேயே பொரிந்திருக்கிறது. உள்ளே ஏற்பட்ட காயத்தால் தாய் இறந்திருக்கிறது. அடை காப்பதற்கும் 21 நாள்தானே கணக்கு!

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு கோழி, ஒரு முட்டை பற்றிய சமாச்சாரம். இனிச் சொல்வதைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள்.

ஒரே கோழி எப்போதாவது தோல் முட்டை இட்டால் பயமில்லை. ஆனால் ஒரே வாரத்தில் இரண்டு, மூன்று, நான்கு கோழிகள் சேர்ந்தாற்போல் தோல் முட்டையோ சுருங்கிக் கோணிய முட்டையோ இட்டால், அல்லது நன்றாக இட்டுக்கொண்டிருந்த கோழிகள் திடீரென்று எல்லாமே நிறுத்திவிட்டால், அது நோய். ஓடு வரி வரியாகச் சுருங்கி, வெள்ளைக் கரு தண்ணீராக ஓடினால், சளி நோயில் ஒரு வகை கோழிகளைத் தாக்கியிருக்கலாம். இதைவிடக் கொடியது கோழிக் கழிச்சல். 1926-ஆம் ஆண்டில் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசல் நகரத்திலும் இதைக் கண்டு எழுதி வைத்தார்கள். இந்தியாவில் ராணிக்கெட் என்ற மலையூரில் கண்டதால் அங்கே ராணிக்கெட் நோய் என்று பெயர். முதலில் முட்டை குறையும், ஓடு கெடும். இரண்டொரு நாளில் பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், மூச்சுக்கு ஏங்கும், கழுத்து முறுக்கிக்கொள்ளும். தடுப்பு மருந்து கொடுக்காத கூட்டில் புகுந்தால், காலையில் கூட்டைத் திறக்கும்போது பாதிக் கோழி கிடக்கும். வார முடிவில் கூடு காலி.

பழைய லயத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இப்படித்தான் நடந்தது. முட்டை கோணலாக வந்த அன்று சேவல் ஒன்றை அறுத்துக் காத்தவராயனுக்குப் பூசை போட்டார்கள். பூசைக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கொரு கோழியும் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த பத்து நாளில் அந்த வரிசையில் ஒரு வீட்டிலும் கோழிச் சத்தம் இல்லை. பூசை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாமி கும்பிடுங்கள், ஆனால் கோழியை வெளியே அனுப்பாதீர்கள்.

இந்த நோய்க்கு வந்த பிறகு மருந்து கிடையாது. வருமுன் தடுக்கலாம். தடுப்பு மருந்து விஷயத்தில் நம் பேராக் மாநிலத்துக்கு ஒரு பெருமை உண்டு. ஈப்போவில் 1948 முதல் இருந்து வரும் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் நாட்டுக்கே கோழித் தடுப்பு மருந்து தயாரித்துக் கொடுத்த இடம். கம்பத்துக் கோழிக்கு மட்டும் ஒரு சங்கடம் இருந்தது. பண்ணைக் கோழி கூண்டில் இருக்கும், பிடித்து மருந்து கொடுக்கலாம். நம் கோழியோ ரம்புத்தான் மரத்தில் ஏறித் தூங்கும். அதைப் பிடிப்பதற்குள் நமக்கு மூச்சு வாங்கிவிடும். ஐஸ் பெட்டியில் வைக்காவிட்டால் மருந்தும் கெட்டுவிடும்.

இந்தச் சங்கடத்தை எடுத்துக்கொண்டு 1980-களில் செர்டாங் விவசாயப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் அய்னி இடெரிஸ், டாக்டர் லத்திப் இப்ராஹிம் ஆகியோரும், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பீட்டர் ஸ்பிராட்புரோவும் சேர்ந்து வேலை செய்தார்கள். வெப்பத்தைத் தாங்கும் ‘வி4’ என்ற மருந்தைத் தீனியில் தடவி, கோழியைப் பிடிக்காமலே தின்னக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் கிடைத்தது. 1991-ஆம் ஆண்டு அக்டோபரில் கோலாலம்பூரில் இதற்கென்றே பல நாட்டு நிபுணர்கள் கூடிப் பேசினார்கள். தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பிப்ரவரியில் அரசாங்கமே முகாம் போட்டு கோழிக் கழிச்சலுக்குத் தடுப்பூசி போடுகிறது. கொல்லைக் கோழி என்றால் இளக்காரம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். படித்த மேதாவிகள் எத்தனை பேர் நம் கொல்லைக் கோழிக்காக உட்கார்ந்திருக்கிறார்கள்!

ஆகவே உங்கள் மாவட்டக் கால்நடை இலாகா அலுவலகத்துக்குப் போய், தோட்டத்தில் இத்தனை வீடு, இத்தனை கோழி என்று சொல்லித் தடுப்பு மருந்து கேளுங்கள். ஒரு வீட்டுக்காரர் மட்டும் போட்டுப் பயனில்லை. வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் போட வேண்டும். தோட்டத்துக் கோயில் கமிட்டியோ மாதர் சங்கமோ முன்னின்று செய்யலாம். கோழிகள் கொத்தாகச் செத்தால் அறுத்துத் தின்னாதீர்கள், விற்காதீர்கள், ஆற்றில் எறியாதீர்கள். உடனே அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். 2004-ஆம் ஆண்டு கிளந்தானிலும், 2006-ஆம் ஆண்டு சிலாங்கூர், பேராக், பினாங்கு மாநிலங்களிலும் கோழிகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்ததே, நினைவிருக்கிறதா? அது மனிதருக்கும் தொற்றக்கூடியது. கழிச்சலா, பறவைக் காய்ச்சலா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல என்னாலும் முடியாது, குறிகாரராலும் முடியாது.

சாப்பாட்டு விஷயம் ஒன்று. தோல் முட்டையையும் கீறல் விட்ட முட்டையையும் காலைக் கோப்பியோடு ஆஃப்பாயில் போட்டுக் குடிக்க வேண்டாம். ஓடு இல்லாத இடத்தில் கிருமி சுலபமாக நுழையும். அன்றே நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். மண்ணில் கிடந்து அழுக்காகிவிட்டால் எறிந்துவிடுங்கள். உடைத்த முட்டையில் இரத்தப் பொட்டு இருந்தால் குஞ்சு உருவாகிவிட்டது என்று பொருளில்லை. கரு கழலும்போது ஒரு சின்ன நரம்பு அறுந்து சிந்திய துளி அது. கரண்டி நுனியால் எடுத்துவிட்டுச் சமையுங்கள்.

இரட்டைக் கரு முட்டையைப் பற்றித் தாப்பாவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: அடை வைத்தால் இரட்டைக் குஞ்சு பொரிக்குமா? இரண்டு கரு ஒரே சமயத்தில் கழன்று ஒரே ஓட்டுக்குள் அகப்பட்டதுதான் அந்த முட்டை. இரண்டு குஞ்சு வளர உள்ளே இடமும் போதாது, காற்றும் போதாது. பெரும்பாலும் பொரிவதற்கு முன்பே செத்துவிடும். ஒட்டிய வாழைப்பழம் தின்றால் இரட்டைப் பிள்ளை பிறக்கும் என்று சொல்வதைப் போல, இதைத் தின்ற பெண்ணுக்கும் இரட்டைப் பிள்ளை என்கிறார்கள் சிலர். அதற்கும் ஆதாரம் இல்லை. அடையில் அந்த இடத்துக்கு நல்ல முட்டை ஒன்றை வையுங்கள் ஐயா. இரட்டைக் கருவை வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து போட்டுப் பொரித்து, வீட்டில் உள்ளவர்கள் பங்கு போட்டுச் சாப்பிடுங்கள்.